கொட்டலசு ஒட்டிய மிதவையை மீண்டும் கடலில் விட்டோம்: செய்தது சரிதானா?

கீழ்க்கரை ஆசிரியை (மொரீஷியஸ்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இத்தீவின் கிழக்குக் கரையில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். அறிவியல் என் பாடம் அன்று. ஆகவே என் கேள்வியிலேயே பிழை இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை மாணவர்களைப் பெற்றோருடன் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, ஒதுங்கிக் கிடக்கும் குப்பையைப் பொறுக்கி, கண்டவற்றைப் பற்றி மறுவாரம் தமிழில் பத்து வரி எழுதச் சொல்வது எங்கள் வகுப்பின் வழக்கம். சென்ற சனிக்கிழமை போஸ்ட் லாஃபாயெத் கரைக்குச் சென்றோம். தென்கிழக்குக் காற்று தடையின்றி அடிக்கும் இடம் அது. உள்ளூர்க் கடைகளில் விற்காத தண்ணீர்ப் புட்டிகளும், நாங்கள் கிரியோலில் சவாத் என்று சொல்லும் ரப்பர்ச் செருப்புகளும், வலைக் கிழிசல்களும் அங்கே எப்போதும் கிடக்கும். அன்று பொறுக்கிய புட்டிகளின் அடிப்பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சு இருந்தது. தொட்டால் பாசி போல வழுக்கியது. ஆனால் பாசியின் பச்சை அதில் இல்லை.

அவற்றுக்கு நடுவே, தேங்காய் அளவுள்ள கறுப்பு வலைமிதவை ஒன்று நீலக் கயிற்றுத் துண்டுடன் கிடந்தது. அதன் ஒரு பக்கம் முழுவதும், வெள்ளை ஓடுகளைக் காம்புகளின் நுனியில் ஏந்திய கொட்டலசுகள் (ஆங்கிலத்தில் பார்னக்கிள்). அவை உயிரோடு இருந்தன. ஓடு திறப்பதும், இறகு போன்ற கால்கள் வெளியே வந்து காற்றைத் துழாவிவிட்டு உள்ளே இழுத்துக்கொள்வதுமாக இருந்தன. பத்து வயது மாணவன் ஒருவன், “இவை தண்ணீர் இல்லாமல் சாகப் போகின்றன, மிஸ்” என்று சொல்லிக் கண் கலங்கினான். அதைக் குப்பைப் பையில் போட அவனுக்கு மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. ஒரு மாணவியின் தந்தை இடுப்பளவு நீரில் இறங்கி மிதவையைக் கடலுக்குள் தள்ளிவிட்டார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றினோமா, அல்லது பொறுக்கிய குப்பையை மீண்டும் கடலிலேயே கொட்டினோமா என்று என்னால் முடிவுசெய்ய இயலவில்லை. அந்த வழுவழுப்பு என்ன, அது குழந்தைகளின் கையில் பட்டால் தீங்கு உண்டா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். இன்னொரு மாணவி, கடலில் உள்ள கிருமிகளே பிளாஸ்டிக்கைத் தின்றுவிடுவதாகத் தன் மாமா படித்துச் சொன்னார் என்றும், அப்படியானால் நாம் ஏன் குனிந்து பொறுக்க வேண்டும் என்றும் கேட்டாள். வகுப்பில் மழுப்பி எதையும் சொல்ல நான் விரும்பவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நீரோட்டம் (மொரீஷியஸ்) எழுதியது:

வணக்கம், ஆசிரியை அம்மா. கடல்நீர் மாதிரிகளைச் சோதிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வழுவழுப்பிலிருந்து தொடங்குகிறேன், மற்றக் கேள்விகளின் விடைகளும் அதை ஒட்டியே வரும்.

ஒரு புட்டி கடலில் விழுந்ததும், நீரில் கரைந்துள்ள புரதம், சர்க்கரை போன்றவை அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படிவாகப் படிகின்றன. சில மணி நேரத்திற்குள் பாக்டீரியாக்கள் அப்படிவின் மேல் வந்து அமர்கின்றன. அமர்ந்தவை தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து, அதற்குள்ளேயே பெருகுகின்றன. விரலில் வழுக்குவது அந்தப் பசைதான். உயிர்ப்படலம் என்று அதைச் சொல்வார்கள். கழுவாத தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரிலும், துலக்காத பல்லிலும் படிவது இதே வகையைச் சேர்ந்தது. நாள்கள் செல்லச் செல்ல, டயாட்டம் எனப்படும் ஒற்றைச் செல் பாசிகள் குடியேறுகின்றன. சிலிக்காவால் ஆன ஓட்டுக்குள் வாழும் இவற்றில் பச்சையத்தை மறைக்கும் பழுப்பு மஞ்சள் நிறமி உண்டு. பச்சை இல்லாத பாசி என்று நீங்கள் எழுதியது மிகச் சரியான கவனிப்பு. இவற்றை மேய்ந்து வாழும் ஒற்றைச் செல் உயிர்கள் பின்தொடர, இன்னும் நாள் கடந்தபின் கொட்டலசு, பாசி போலப் படர்ந்து கூட்டமாக வாழும் பாசி விலங்கு போன்ற கண்ணுக்குத் தெரியும் உயிர்களின் குஞ்சுகள் வந்து ஒட்டுகின்றன. ஆக, உங்கள் மிதவையில் இருந்தது ஒரு கொட்டலசுக் கூட்டம் மட்டும் அன்று. அடியில் பாக்டீரியாவிலிருந்து மேலே கொட்டலசு வரை அடுக்கடுக்காக அமைந்த ஓர் ஊர்.

இதை அறிவியல் உலகம் காணத் தொடங்கியது அண்மையில் அன்று. 1972ஆம் ஆண்டிலேயே, அட்லாண்டிக்கின் சர்காசோ கடலில் மிதந்த சிறு பிளாஸ்டிக் துண்டுகளை அள்ளிய அமெரிக்க ஆய்வாளர் இருவர், அவற்றின் மேல் டயாட்டம்களும், ஹைட்ராய்டு எனப்படும் ஒட்டிவாழும் சிறு விலங்குகளும் வாழ்வதைக் குறித்துவைத்தார்கள். ஆனால் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதை எவரும் பெரிதாகத் தொடரவில்லை. 2013இல்தான், வட அட்லாண்டிக்கில் அள்ளிய பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் துண்டுகளை மின்னணு நுண்ணோக்கியிலும் மரபணு வரிசை முறையிலும் ஆராய்ந்த குழு ஒன்று, அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகளைக் கண்டு, அச்சமுதாயத்திற்கு ‘பிளாஸ்டிஸ்ஃபியர்’ என்று பெயரிட்டது. நாம் நெகிழிக்கோளம் என்று சொல்லலாம். துண்டுகளைச் சூழ்ந்திருந்த கடல்நீரில் வாழ்ந்தவையும், துண்டுகளின் மேல் வாழ்ந்தவையும் ஒரே கூட்டமாக இல்லை என்பதே அந்த ஆய்வின் முதன்மையான செய்தி.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நெகிழிக்கென்றே புதிதாகத் தோன்றிய உயிரினங்கள் போல இவற்றைச் சில செய்திகள் எழுதுகின்றன. ஆனால் 2016இல் வட கடலில் குடிநீர்ப் புட்டிகளின் பிளாஸ்டிக்கையும் கண்ணாடித் தகடுகளையும் அருகருகே தொங்கவிட்டுப் பார்த்தபோது, இரண்டின் மேலும் குடியேறிய கூட்டங்களுக்குள் பெரிய வேறுபாடு தென்படவில்லை. பருவமும் இடமுமே கூட்டத்தின் தன்மையைப் பெரிதும் முடிவுசெய்தன. ஒட்டிக்கொள்ள ஒரு கெட்டியான பரப்பு கிடைத்தால் போதும் என்னும் உயிர்களே இவற்றில் பல. மரக்கட்டையும் தேங்காயும் எரிமலை நுரைக்கல்லும் கூட இந்த வேலையைத் தொன்றுதொட்டுச் செய்து வந்துள்ளன. 1883இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது கக்கிய நுரைக்கற்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கக் கரை வரை மிதந்து சென்றன. அவையும் உயிர்களைச் சுமந்துதான் சென்றிருக்கும்.

அப்படியானால் பிளாஸ்டிக்கில் புதிதாக என்ன இருக்கிறது? காலமும் தொகையும். மரக்கட்டை நீர் ஊறி அமிழும். கப்பல் புழு அதைத் துளைத்துத் தின்னும். தேங்காய் முளைக்கும் அல்லது அழுகும். பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் கடல்நீரை விட இலேசானவை, அழுகவும் மாட்டா. நம் தீவைக் கடந்து மேற்கே ஓடும் தென் நிலநடுக்கோட்டு நீரோட்டம், கிழக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் விழுந்த பொருளையும் இங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. உள்ளூரில் விற்காத புட்டிகள் என்று நீங்கள் குறிப்பிட்டதற்குக் காரணம் அதுவே. மக்கள் வாழ்வதே அரிதான நம் சென் பிராண்டன் திட்டுகளில் கூட ரப்பர்ச் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. நாம் 2016இல் பிளாஸ்டிக் பைகளையும், 2021 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல் போன்றவற்றையும் தடை செய்தோம். நல்ல செயல், ஆனால் நீரோட்டத்திற்கு எல்லைச் சாவடி இல்லை.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் விடை: திருப்பி விட்டிருக்கக் கூடாது. எங்கிருந்தோ வந்த அயல் உயிர்களைச் சுமந்த ஒரு பொருளை, பவளத்திட்டுக்கு உட்பட்ட ஆழமற்ற நம் லகூனுக்குள் விட்டதாக அது ஆகும். பிளாஸ்டிக் படிந்த பவளத்தின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். இந்தோனேசியா, ஆஸ்திரேலியா, மியன்மார், தாய்லாந்து ஆகிய நாடுகளின் 159 பவளத்திட்டுகளில் ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரம் பவளங்களைப் பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், பிளாஸ்டிக் படாத பவளம் நோயுறும் வாய்ப்பு 4 விழுக்காடாகவும், பிளாஸ்டிக் பட்ட பவளத்தினது 89 விழுக்காடாகவும் இருந்தன. உராய்வுக் காயமும், ஒளி மறைப்பும், துண்டுகள் சுமந்து வரும் நுண்ணுயிர்களும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. நம் பவளம் ஏற்கெனவே கடல் வெப்பத்தால் வெளுத்து நொந்திருக்கிறது.

சென் ஆந்த்ரே வாசகன் (ரீயூனியன்) எழுதியது:

வணக்கம். தமிழை நான் வளர்ந்த பிறகு கோயில் வகுப்பில் கற்றவன். சொற்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீரோட்டம் ஐயா எழுதியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கொட்டலசின் மீது அவர் சுமத்திய குற்றத்தை மட்டும் ஏற்க இயலவில்லை.

எங்கள் ஊர்க் கடற்கரையில்தான், 2015 ஜூலை 29 அன்று, கரையைத் துப்புரவு செய்துகொண்டிருந்தவர்கள் காணாமற்போன மலேசிய விமானத்தின் இறக்கைப் பகுதி ஒன்றைக் கண்டெடுத்தார்கள். 2014 மார்ச் 8 அன்று மறைந்த அந்த விமானத்தின் பகுதி, பதினாறு மாதங்களுக்கு மேல் இந்தியப் பெருங்கடலில் மிதந்து எங்களிடம் வந்து சேர்ந்தது. அதன் ஓரங்களிலும் பரப்பிலும் ஒட்டியிருந்தவை, ஆசிரியை அம்மா விவரித்த அதே காம்புடைய கொட்டலசுகள். அன்றுவரை அவற்றை அருவருப்போடு பார்த்த எங்கள் ஊரார், அதன்பின் அவற்றை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். ஏனெனில் அந்த ஓடுகள் அந்தப் பயணத்தின் சாட்சிகளாக இருந்தன. கொட்டலசு தன் ஓட்டை அடுக்கடுக்காக வளர்க்கிறது. ஒவ்வோர் அடுக்கின் வேதியியல் கூறும் அது உருவானபோது நீர் எவ்வளவு வெப்பமாக இருந்தது என்பதைப் பொறுத்து அமைகிறது. ஓட்டின் அடுக்குகளைப் படித்து, அது கடந்து வந்த நீரின் வெப்பநிலையைக் கணிக்கும் முறை ஒன்றை 2023இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். உறவினரை இழந்த குடும்பங்கள் இன்றும் விடைக்காகக் காத்திருக்கின்றன என்பதால் இதை நான் வியப்புக்காக எழுதவில்லை.

நான் சொல்ல வருவது இது. இந்தக் காம்புடைய கொட்டலசு கரையோரப் பாறையில் வாழும் இனம் அன்று. வெப்பக் கடல்கள் யாவற்றிலும் மிதக்கும் பொருள்களில் ஒட்டி அலைவதே அதன் வாழ்க்கை. நெகிழி தோன்றுவதற்கு முன் மரக்கட்டைகளில் அலைந்தது. லகூனில் அது அந்நியக் குடியேறி ஆகாது. அந்தப் பையன் இரங்கிய உயிர் தீங்கற்றது என்று அவனிடம் சொல்லுங்கள், அது உண்மை.

அச்சப்பட வேண்டியது அதனுடன் வரும் கரைவாழ் உயிர்களைப் பற்றி. 2011இல் ஜப்பானைத் தாக்கிய சுனாமி அடித்துச் சென்ற மிதவைத் துறைகள், படகுகள், நெகிழிப் பெட்டிகள் ஆகியவற்றில் ஏறி, பசிபிக்கைக் கடந்து, 2017 வரையில் வட அமெரிக்கக் கரையிலும் ஹவாயிலும் உயிரோடு வந்து சேர்ந்த ஜப்பானியக் கரைவாழ் இனங்கள் 289 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நடுக்கடலில் இவ்வளவு காலம் கரைவாழ் உயிர்கள் தாக்குப்பிடிக்கும் என்று அதற்கு முன் பெரும்பாலோர் நினைக்கவில்லை. மரத்தால் ஆன பொருள்கள் சில ஆண்டுகளில் வருவது குறைந்தது; நெகிழியும் கண்ணாடி நாரிழையும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன.

வாசனையைப் பற்றியும் ஒரு சொல். நெகிழிக்குச் சொந்தமான கடல் மணம் எதுவும் இல்லை. அதன் மேல் படிந்த பாசிகளுக்கு உண்டு. பாசியை நீரில் மிதந்து வாழும் நுண்ணிய விலங்குகள் மேயும்போது எழும் டைமெத்தில் சல்ஃபைடு என்னும் வாயுவின் மணத்தைப் பின்பற்றியே பெட்ரல் போன்ற கடற்பறவைகள் பரந்த கடலில் இரையிருக்கும் இடத்தைக் கண்டுகொள்கின்றன. கலிபோர்னியக் கடலில் மூன்று வாரம் ஊறிய நெகிழி மணிகள் அதே மணத்தை வெளியிட்டன என்றும், அம்மணத்தைப் பின்பற்றும் பறவை இனங்களே நெகிழியை மிகுதியாக விழுங்குகின்றன என்றும் 2016இல் காட்டினார்கள். எங்கள் தீவின் உச்சி மலைகளில் மட்டும் கூடு கட்டும் பராவ் பெட்ரலும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் வயிற்றிலும் நெகிழி கண்டெடுக்கப்பட்டுள்ளது. வழுவழுப்பு ஏறிய நெகிழியின் மணத்திற்குக் கடலாமைகள் உணவின் மணத்திற்குப் போலவே தலை தூக்கி மூச்சிழுத்தன என்பது 2020இல் வந்த இன்னொரு செய்தி. கண் ஏமாறுவதால் மட்டும் அவை விழுங்குவதில்லை, மூக்கும் ஏமாற்றப்படுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

டர்பன் வலைக்காரர் பேரன் (தென்னாப்பிரிக்கா) எழுதியது:

வணக்கம். கையில் பட்டால் தீங்கு உண்டா என்ற கேள்விக்கு இதுவரை எவரும் விடை தரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

என் பாட்டனார் டர்பன் கடற்கரையில் கரைவலை இழுத்தவர். ஒப்பந்தக் கூலிகளாக வந்து, ஒப்பந்தம் முடிந்தபின் மீன்பிடித்து வாழ்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 2017 அக்டோபர் 10 அன்று எங்கள் துறைமுகத்தில் வீசிய பெரும் புயலில், கப்பலிலிருந்து கொள்கலன்கள் நீரில் விழுந்து 49 டன் பாலித்தீன் மணிகள் கொட்டின. பிளாஸ்டிக் பொருள்களை வார்ப்பதற்கான மூலப்பொருள் அது, நர்டில் என்பார்கள். உளுத்தம்பருப்பு அளவு, வெள்ளை நிறம். குவாசுலு-நாட்டல் கரை நெடுகிலும் மணலோடு மணலாகக் கலந்துவிட்டன. சல்லடையும் முறமும் எடுத்துக்கொண்டு நாங்கள் வாரக்கணக்கில் சலித்தோம். முதல் நாள்களில் மணிகள் வெள்ளையாகவும் மொறமொறப்பாகவும் இருந்தன. சில மாதம் கழித்து அலை கொண்டுவந்து போட்டவை மஞ்சளாகி, விரலில் வழுக்கின. குடியேற்றம் எவ்வளவு விரைவில் நடக்கிறது என்பதை நான் நேரில் கண்டது அப்போதுதான்.

நோய்க்கிருமி பற்றிய செய்தி இப்படி இருக்கிறது. நீரோட்டம் ஐயா குறிப்பிட்ட 2013 ஆய்வில், ஒரு பாலிபுரொப்பிலீன் துண்டின் மேல் இருந்த பாக்டீரியாக்களில் ஏறத்தாழ கால் பங்கு விப்ரியோ என்னும் பேரினத்தவை. காலராவை உண்டாக்குவதும் அந்தப் பேரினத்தின் ஓர் உறுப்பினரே என்பதால் செய்தித்தாள்கள் அதைப் பெரிய எழுத்தில் போட்டன. ஆனால் விப்ரியோவில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. மனிதருக்கு நோய் தருபவை அவற்றில் ஒரு பன்னிரண்டு அளவே. மற்றவை இறால் ஓட்டையும் பாசியையும் சிதைத்து உண்டு கடலில் இயல்பாக வாழ்பவை. 2016இல் வட கடல், பால்டிக் கடல் துண்டுகளில், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் இனத்தையே கண்டெடுத்தார்கள். அதே இனம் சுற்றியிருந்த நீரிலும் இருந்தது. 2019இல் ஸ்காட்லாந்துக் கடற்கரைகளில் ஒதுங்கிய நர்டில்களின் மேல் விப்ரியோவுடன் மனித, விலங்குக் கழிவிலிருந்து வரும் ஈ. கோலி பாக்டீரியாவும் காணப்பட்டது. கழிவுநீர்க் கலப்புள்ள கழிமுகத்தின் அருகே கிடக்கும் பிளாஸ்டிக்கை நான் கூடுதல் கவனத்தோடு எடுப்பதற்குக் காரணம் இதுதான். எங்கள் ஊரில் 2022 வெள்ளத்திற்குப் பிறகு கழிவுநீர் கடலில் கலந்து, கடற்கரைகளைப் பல மாதம் மூட வேண்டியிருந்தது.

நல்ல தோலில் வழுவழுப்பு பட்டதனால் உங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடாது, அம்மா. காயத்தின் வழியே உள்ளே போவதுதான் ஆபத்து. ஆகவே கையுறை, மூடிய காலணி, காலில் வெட்டுக்காயம் உள்ள பிள்ளைக்கு அன்று குறிப்பெடுக்கும் வேலை, சாப்பிடுவதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுதல், இவ்வளவும் இருந்தால் போதும். கொட்டலசு ஓட்டின் விளிம்பு கத்தி போல வெட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்; நான் பயப்படுவது அதற்குத்தான்.

கீழ்க்கரை ஆசிரியை (மொரீஷியஸ்) எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. நேற்று மாலை அதே கரைக்குத் தனியாகச் சென்றேன். நீலக் கயிற்றோடு அந்த மிதவை, நாங்கள் தள்ளிவிட்ட இடத்திலிருந்து முந்நூறு நானூறு அடி தள்ளி, மணலில் கிடந்தது. கொட்டலசுகள் வற்றிச் சுருங்கிவிட்டன. கொக்கும் நண்டும் கொத்தியிருக்க வேண்டும். பல ஓடுகள் வெறுமையாக இருந்தன. மிதவையை வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அந்த மாணவனிடம் நடந்ததைச் சொல்வேன். அவனுடைய இரக்கம் தவறு என்று அவன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே என் கவலை. அது தீங்கற்ற உயிர் என்று ரீயூனியனிலிருந்து வந்த சொல் எனக்குப் பெரிய துணை. ஆனால் கிருமிகள் பிளாஸ்டிக்கைத் தின்கின்றனவா என்ற மாணவியின் கேள்வி இன்னும் நிற்கிறது.

நீரோட்டம் (மொரீஷியஸ்) எழுதியது:

முதலில், கொட்டலசைப் பற்றி சென் ஆந்த்ரே நண்பர் திருத்தியது சரி; நான் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டேன். மிதவையைத் திருப்பி விடக் கூடாது என்ற விடை மட்டும் மாறவில்லை: அலையிலும் வெயிலிலும் நொறுங்க ஒரு பொருள் கடலில் கூடுகிறது, காற்று கரையை நோக்கி அடிக்கும் இடத்தில் அது கொட்டலசையும் காப்பாற்றுவதில்லை.

இனி, தின்னுதல் பற்றி. அந்த மாமா படித்தது பொய்யான செய்தி அன்று, பாதிச் செய்தி. 2016இல் ஜப்பானின் சக்காய் நகரில், புட்டி மறுசுழற்சி நடக்கும் இடத்தின் அருகே எடுத்த மாதிரியிலிருந்து, பி.இ.டி. என்னும் புட்டிப் பிளாஸ்டிக்கைச் சிதைத்து உணவாக்கும் பாக்டீரியாவைக் கண்டறிந்தார்கள். இடத்தின் பெயரையே அதற்கு வைத்து இடியோனெல்லா சக்காயென்சிஸ் என்று அழைக்கிறார்கள். 30 பாகை வெப்பத்தில், மென்மையான மெல்லிய பி.இ.டி. படலத்தை அது ஏறத்தாழ ஆறு வாரத்தில் தின்று தீர்த்தது. ஆனால் அது கடலிலிருந்து வந்ததன்று; புட்டிகள் அந்தப் படலத்தை விட இறுகிய கட்டமைப்பு உடையவை; மேலும் பி.இ.டி. கடல்நீரை விடக் கனமானது, காற்றடைத்து மூடியிருக்கும்வரைதான் புட்டி மிதக்கும். மிதக்கும் குப்பையின் பெரும்பகுதி பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும். பி.இ.டி.யின் சங்கிலியில் நொதியின் பல் பதியும் கண்ணிகள் இடையிடையே உண்டு. பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் சங்கிலியோ முழுவதும் கரியோடு கரி (கார்பன்) பிணைந்தது. பல்லாயிரம் கண்ணிகள் நீண்டு, எந்தப் பாக்டீரியாவின் செல்லுக்குள்ளும் நுழையாத அளவுடையது. முதலில் வேறு ஏதாவது அதை வெட்டித்தர வேண்டும்.

வெட்டித்தருவது சூரியனின் புறஊதாக் கதிர். கதிர் பட்டுப் பட்டுச் சங்கிலி முறிந்து, ஆக்சிசன் ஏறிய சிறு துண்டுகள் ஆனபின் நுண்ணுயிர்கள் அவற்றை எடுத்துக்கொள்கின்றன. 2023இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், கரியின் கனமான வடிவத்தை அடையாளமாகக் கலந்து செய்த பாலித்தீனைக் கதிரில் வாட்டி, ரோடோகாக்கஸ் ரூபர் என்னும் பாக்டீரியாவிடம் கொடுத்தார்கள். அது வெளிவிட்ட கரியமில வாயுவில் அந்த அடையாளம் வந்தது. ஆக, தின்கிறது என்பது ஐயமற நிறுவப்பட்டது. அளவு ஆண்டுக்கு ஒரு விழுக்காடு, அதுவும் ஆய்வுக்கூடத்தில். 2024இல் பசிபிக்கின் மிதக்கும் குப்பையிலிருந்து பிரித்த ஒரு பூஞ்சை, கதிரில் வாட்டிய பாலித்தீனை நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு சிதைத்தது. கதிர் படாத பாலித்தீனில் அதுவும் வேலை செய்யவில்லை.

பிள்ளைகளுக்கு நான் விளக்க விரும்புவது இதன் அடுத்த படி. நீங்கள் தொட்ட வழுவழுப்பு சூரிய ஒளியை மறைக்கிறது. அடியில் உள்ள பிளாஸ்டிக்குக்கு அது குடை. பாக்டீரியாக்கள் தின்பது பெரும்பாலும் ஒன்றையொன்றும், டயாட்டம்கள் ஒளியிலிருந்து சமைத்ததையும், கடல்நீர் கொண்டுவருவதையும்தான். அதோடு, படலமும் ஓடுகளும் ஏற ஏறப் பொருளின் எடை கூடுகிறது. பாலித்தீன் நீரை விடச் சிறிதளவே இலேசு. பருமனோடு ஒப்பிடச் சிறு துண்டுகளுக்கு மேல்பரப்பு அதிகம், ஆகவே சுமையும் அதிகம். ஒரு கட்டத்தில் அவை அமிழ்கின்றன. ஒளி குறைந்த ஆழத்தில் பாசி மடிந்து சுமை குறையும்போது சில துண்டுகள் மீண்டும் எழுந்து, மறுபடி பாசி ஏறி, மறுபடி அமிழ்ந்து ஊசலாடும் என்று 2017இல் வந்த ஒரு கணக்கீட்டு மாதிரி காட்டுகிறது. ஒரேயடியாக ஆழத்திற்குப் போனவற்றுக்குக் குளிரும் இருளும்தான். அங்கே வெட்டித்தரச் சூரியன் இல்லை. கடற்பரப்பிலிருந்து ஒரு துண்டு காணாமற்போனால் அது தின்னப்பட்டது என்று பொருள் கொள்ளக் கூடாது.

அந்த மாணவி மிக நல்ல கேள்வியைக் கேட்டிருக்கிறாள். அவளிடம், தின்னும் உயிர்கள் உண்டு, ஆனால் கடலில் விழும் அளவோடு ஒப்பிட அவற்றின் வாய் மிகச் சிறியது என்று சொல்லலாம்.

முடிந்தால் வகுப்பில் ஒன்று செய்து பாருங்கள். புட்டியிலிருந்து வெட்டிய ஒரு பட்டை, மூடியிலிருந்து ஒரு துண்டு, ஒரு கண்ணாடித் தகடு, ஒரு கொட்டாங்கச்சிச் சில்லு, நான்கையும் ஒரே கயிற்றில் கட்டி, படகுக்காரர் ஒருவரிடம் அனுமதி பெற்று அவருடைய துறைக்கம்பத்தில் ஒரு முழம் ஆழத்தில் தொங்கவிடுங்கள். வாரத்திற்கு ஒருமுறை ஒவ்வொன்றிலிருந்தும் சவரத் தகட்டின் பின்புறத்தால் சிறிது சுரண்டி, ஒரு சொட்டுக் கடல்நீரில் வைத்து, நானூறு மடங்கு பெருக்கும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் வாரத்திற்குள் தோணி வடிவில், நடுவே கோடு உள்ள பழுப்பு டயாட்டம்கள் ஊர்ந்து செல்வதைக் காண்பார்கள். கண்ணாடியையும் கொட்டாங்கச்சியையும் விட்டுவிடாதீர்கள். அவை இல்லாமல் பிளாஸ்டிக்கின் மேல் கண்டதற்கு என்ன பொருள் என்று சொல்ல இயலாது.

கீழ்க்கரை ஆசிரியை (மொரீஷியஸ்) எழுதியது:

அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியில் ஒரு நுண்ணோக்கியைக் கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கயிற்றுக்கு அந்த மிதவையின் நீலக் கயிற்றையே பயன்படுத்தலாம் என்று என் மகள் சொல்கிறாள். சுரண்டி முடித்த பின் தகடுகளையும் நீரையும் எங்கே கொட்டுவது?

டர்பன் வலைக்காரர் பேரன் (தென்னாப்பிரிக்கா) எழுதியது:

கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, நீரைக் கழிவறையில் விடுங்கள். சில்லுகளைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். கடலில் வேண்டாம். பழைய கயிற்றையும் முதலில் கொதிநீரில் ஊறவையுங்கள், அம்மா. அதன் புரிகளுக்குள் வேறு ஊர்க்காரர்கள் இன்னும் இருக்கலாம்.